ஃபார்மட் பண்ண விடமாட்டேன்

அது லேப்டாப் பைதானேம்மா? மேல வைக்காதீங்க. பஸ் வளைவுல திரும்புறப்ப பூராச் சாமானும் உருளும். நமக்கு நடுவுல வைங்க, நான் கைமுட்டி படாம பாத்துக்கிடுறேன்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுல ஆன்டிவைரஸ் என்ன போட்டிருக்கீங்க?

சிரிங்க, சிரிங்க. கட்டைப்பையும் தூக்குவாளியுமா ஏறுனவ கேக்குற கேள்வியா இது? எங்க வீட்லயும் எல்லாரும் சிரிச்சவுகதான். அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்றேன் இருங்க. கம்பெனியிலயே போட்டுக் குடுத்துட்டாகளா? அப்ப உங்களுக்குக் கவலை இல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவ பாட்டைத்தான் கேக்க ஆளில்ல.

என் பேரு இந்திராணி. ராஜபாளையம். வீட்டுக்காரர் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாக. நான் டிசைன் போடுறவ. இப்ப கல்யாணப் பொண்ணுக பிளவுஸ்ல மயிலும் மாங்காயுமா போட்டுக்கிடுறாகல்ல, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி? மெஷின் தச்சிரும், சரி. அந்த மயிலை மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுக்குறது? ஊசி எங்க இறங்கணும், நூல் எங்க கலர் மாறணும், எல்லாத்தையும் ஒருத்தி உக்காந்து கம்ப்யூட்டர்ல வரையணும். அதைப் பென்டிரைவ்ல ஏத்தி மெஷின் கடைக்குக் குடுக்கணும். எங்க ஊர்ல அந்த ஒருத்தி நான்தான்.

மகளிருக்கு இலவசப் பயிற்சின்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாக. போனேன். மௌசை முதல்ல ரெண்டு விரலால மட்டும்தான் தொட்டேன். கூட வந்தவள்கள்ல பாதிப்பேரு ஒரு வாரத்துல நின்னுட்டாளுக. நான் நிக்கல. அப்புறம் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வீட்டுக்கு வரவச்சு, ஹால் மூலையில வச்சு, அதுக்கு நானே உறை தச்சுப் போட்டேன். வருசக்கணக்கா போட்ட டிசைன் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு அன்னப்பட்சி இருக்கு, அது என் கல்யாணச் சேலை பார்டர்ல இருந்து எடுத்தது. சேலை நைஞ்சு போச்சு, அன்னப்பட்சி கம்ப்யூட்டர்ல இருக்கு.

அப்படி இருந்த கம்ப்யூட்டர்லதான் அது வந்துச்சு.

ஆவணி மாசம். முகூர்த்தம் நெருக்கி நெருக்கி வர்ற சமயம். ஒரு டீச்சரம்மா மகளுக்கு முதுகுல பல்லக்கு டிசைன் கேட்டிருந்தாக. பல்லக்கு, தூக்குற ஆளுக, உள்ள பொண்ணு, மேல குஞ்சம். சும்மா நெட்ல எடுத்த பல்லக்கு இல்லம்மா, நானா வரைஞ்சது. தூக்குற ஆளுக ஒவ்வொருத்தனுக்கும் தோள் ஒரு பக்கம் இறங்கி இருக்கும். பாரம் தெரியணும்ல. முடிச்சு வச்சுட்டு, மறுநாள் காலையில மெஷின் கடைக்குக் குடுக்கப் பென்டிரைவைச் சொருகுறேன். உள்ள இருந்த ஃபோல்டர் எல்லாத்துலயும் மூலையில ஒரு குட்டி அம்புக்குறி. தட்டுனா திறக்கல. திரையில என்னமோ ஒரு பெட்டி வருது, போகுது. சரி, பென்டிரைவ்தான் கெட்டுப் போச்சுன்னு கம்ப்யூட்டருக்குள்ள போறேன். அங்கயும் அதே அம்புக்குறி. மயில் ஃபோல்டர், மாங்கா ஃபோல்டர், அன்னப்பட்சி, பல்லக்கு, எல்லாத்துலயும். எதைத் தட்டுனாலும் வெறும் பெட்டி.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

எங்க வீட்டுக்காரர் வந்து எட்டிப் பாத்தாக. மெஷின் பாத்த மனுசன்ல, எல்லாம் தெரியும். "வைரஸ் ஏறிருச்சு, ஃபார்மட் பண்ணணும்"னாக. ஃபார்மட்டுன்னா என்னன்னு கேட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கிறதாம். ஏங்க, நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டு வரைஞ்சதை அழிச்சுட்டு, நான் எதை ஆரம்பிக்க?

சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன். அந்தத் தம்பியும் அதே பாட்டு. "ஃபார்மட் அடிச்சிரலாம்க்கா. டேட்டாவுக்கு மட்டும் கியாரண்டி கிடையாது." டேட்டாதானய்யா என் பிழைப்பு, அதுக்குக் கியாரண்டி இல்லாம அந்தத் தகரப்பெட்டியை வச்சு நான் என்ன செய்ய? ஃபார்மட் பண்ண விடமாட்டேன்னுட்டேன். "அப்ப ஒண்ணும் செய்ய முடியாதுக்கா"ன்னு வச்சுட்டான். முடியாதாமே. பாப்போம்னேன்.

இப்ப அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

எனக்கு ஒரே பையன், முரளி. இன்ஜினியர். அவன் பொண்டாட்டி சங்கவி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவ, வீட்ல இருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பாப்பா. அவளுக்குன்னு தனி லேப்டாப் உண்டு. மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருப்பா. குத்தம் சொல்லல. ஆனா முந்தின நாள் சாயங்காலம் அவ என்ன செஞ்சா தெரியுமா? "அத்தை, கல்யாண போட்டோவெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டு வைக்கிறேன், நீங்க வர்றவுகளுக்குக் காட்டலாம்ல"ன்னு அவ பென்டிரைவைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டர்ல சொருகுனா. சாயங்காலம் சொருகுனா, காலையில வைரஸ். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என் பென்டிரைவ் எங்கயும் போறதில்ல. மெஷின் கடைக்குப் போகும். டிசைனைப் பேப்பர்ல எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அம்புட்டுத்தான். அங்க ஊர்ல உள்ளவன் எல்லாம் வந்து அவனவன் பென்டிரைவைச் சொருகுறான், அது வேற விசயம். கடைக்காரத் தம்பி நல்ல பையன். என்னைக் கண்டா எந்திரிச்சு நிப்பான்.

நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசாம இருக்கிற ஆளு இல்ல. கேட்டுட்டேன். "ஏ புள்ள, உன் பென்டிரைவ்ல இருந்துதான வந்துச்சு?"

அவ முகம் சுருங்கிப் போச்சு. ஆனா எதுத்துப் பேசல. "என்னுதுல இருக்காது அத்தை. எதுக்கும் ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம், உக்காரட்டுமா?"ன்னா.

"வேணாம். நீ தொட்டது போதும். இனிமே என் கம்ப்யூட்டர்ல நீ கை வைக்காத"ன்னு சொல்லி, அன்னைக்கே பாஸ்வேர்டையும் மாத்துனேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. முரளி பேரும் அவன் பிறந்த வருசமும்.

அவ மாடிக்குப் போயிட்டா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து எப்பவும் போல எல்லாருக்கும் பரிமாறுனா. எனக்கு ரசம் மட்டும் கேக்காமலே ஊத்துனா. அதுல ஒரு திமிரு தெரிஞ்சுச்சு எனக்கு.

முரளி வந்தான். அம்மா, காசு குடுத்து நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போடு, இந்த ஓசி எல்லாம் வேலைக்காகாது, ஓசியில வர்றது உருப்படியா இருக்காதுன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"ஏன்டா, நீ பொறந்தது பெரியாஸ்பத்திரியில. ஓசி. நீ சாப்பிட்ட சத்துணவு ஓசி. ஸ்கூலுக்குப் போன சைக்கிள் ஓசி, பஸ் பாஸ் ஓசி. பிளஸ் டூவுல கவர்மென்ட் குடுத்துச்சே லேப்டாப், அது ஓசி. அதுல படிச்சுத்தான்டா நீ இன்ஜினியரு. இப்ப ஓசி உருப்படாதுங்குற. நீ உருப்படலையா?"

அவுக பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டாக. சங்கவி அடுப்படிக்குப் போயிட்டா. முரளி மட்டும் "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்"னு முனங்குனான். சம்பந்தம் இருக்கு. இலவசம்னா மட்டம்னு நினைக்கிறவன் எவனா இருந்தாலும் அவன்கிட்ட எனக்குச் சண்டை உண்டு. நான் இலவசமாத்தான் போடுவேன், அதுலயே சரிபண்ணிக் காட்டுவேன்னுட்டேன்.

சொல்லிட்டேன். சொல்லிட்டா செய்யணும்ல?

மறுநாள் உக்காந்து தேடுனேன். இலவச ஆன்டிவைரஸ்னு அடிச்சா வண்டி வண்டியா வருது. எல்லாமே நான்தான் நம்பர் ஒண்ணுங்குது. ஒண்ணைத் திறந்தா பச்சைக் கலர்ல ஒரு பட்டன், டவுன்லோடுன்னு. அதுக்குக் கீழ இன்னொரு பச்சைப் பட்டன், அதுலயும் டவுன்லோடு. ஓரத்துல இன்னொண்ணு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. எது நிஜம், எது விளம்பரம்னு எந்த மகராசிக்குத் தெரியும்? பெருசா இருந்ததை அமுக்குனேன். ஆன்டிவைரஸ் வரல. மழை வருமா வெயில் வருமான்னு சொல்ற ஒண்ணு வந்து உக்காந்துக்கிருச்சு. எங்க ஊர்ல மழை வரலைங்கிறது எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரு கேடயம் படம் போட்டது வந்துச்சு. அது ஸ்கேன் பண்ணுச்சு. பண்ணிட்டு, சிவப்புச் சிவப்பா ஆயிரக்கணக்குல கோளாறுன்னு காட்டுச்சு. அய்யோன்னு சரிபண்ணுங்கிற பட்டனை அமுக்குனா, இப்ப பணம் கட்டுங்குது. நோயைக் கண்டுபிடிக்கிறது இலவசமாம், வைத்தியத்துக்குக் காசாம். எங்க பெரியாஸ்பத்திரி அப்படியா? போடா வெளியன்னு அதை அப்படியே விட்டுட்டு அடுத்ததைப் போட்டேன். இது நிஜமாவே இலவசம். ஆனா முதல்ல போட்டது உள்ளயே இருக்குல்ல, எடுக்கல நான். இது அதைப் பாத்துட்டு "ஆபத்து"ங்குது. அது இதைப் பாத்துட்டு "ஆபத்து"ங்குது. ரெண்டும் மாறி மாறிப் பெட்டி பெட்டியா சிவப்புக் காட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல வைரஸ் பாட்டுக்கு நிம்மதியா இருக்கு. மௌசை நகட்டுனா அம்புக்குறி நான் காபி குடிச்சுட்டு வந்தப்புறம் நகருது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்மா. ரெண்டு போடாதீங்க. எம்புட்டு நல்லதா இருந்தாலும் ரெண்டு போடாதீங்க. ஒரு வீட்டுக் காவலுக்கு ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டு நின்னா அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? இதை நான் அனுபவத்துல சொல்றேன்.

அந்தக் களேபரத்துல திரை முழுக்க ஒண்ணு வந்து நின்னுச்சு. கூவுது. சத்தமா கூவுது. "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்"னு. நான் அழைச்சேன்.

எடுத்தவன் தமிழ்தான் பேசுனான், ஆனா நம்ம பக்கத்துத் தமிழ் இல்ல. சினிமா டப்பிங் மாதிரி. "வணக்கம் மேடம், உங்கள் கம்ப்யூட்டர் மிகவும் ஆபத்தில் உள்ளது மேடம்."

"அது எனக்கே தெரியும். என்ன செய்யணும்?"

"நான் ஒரு நம்பர் சொல்கிறேன், அதை டைப் செய்யுங்கள். நான் இங்கிருந்தே உள்ளே வந்து சரி செய்துவிடுவேன்."

"உள்ள வந்தா? எதுக்குள்ள?"

"உங்கள் கம்ப்யூட்டருக்குள் மேடம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மௌசை விட்டுவிட்டு உட்காருங்கள், நானே நகர்த்திக்கொள்வேன். எனக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்."

எனக்கு உச்சிக்கு ஏறிருச்சு. "ஏய், யாருய்யா நீ? ஊரு தெரியாது, பேரு தெரியாது, என் மௌசை நீ நகட்டுவியா? வீட்டோட இருக்கிற என் மருமகளையே தொட விடல, உன்னைய விடுவனா? வைய்யா போனை!"

அவன் வைக்கல. "மேடம், இப்போது விட்டால் எல்லாம் அழிந்துவிடும்"னான். "அழிஞ்சா அழியட்டும், நான் மறுபடி வரைஞ்சுக்கிடுவேன், கை இருக்கு எனக்கு"ன்னு கத்துனேன். கத்திட்டேனே தவிர, பல்லக்கு தூக்குற ஆளுக தோளு கண்ணு முன்னாடி வருது.

பின்னாடி சிரிப்புச் சத்தம். திரும்புனா சங்கவி. மாடிப்படியில நிக்கிறா. என் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கா.

"என்ன சிரிப்பு?"

"இல்ல அத்தை. ரொம்பச் சரியாச் சொன்னீங்க. அவன் திருட்டுப்பய. உள்ள விட்டிருந்தா பேங்க் விவரம் வரைக்கும் உருவியிருப்பான். நிறையப் படிச்சவங்களே ஏமாந்துடுறாங்க. போனை வச்சிருங்க."

நான் வச்சேன். அவ வேகமா வந்து நெட் ஒயரைப் பிடுங்கிட்டா. நான் சொல்லல, அவளாவே. ஆனா கீபோர்டைத் தொடல. அதையும் சொல்லணும், தொடல. கையை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னா.

"அத்தை, நான் தொடல. நீங்களே பண்ணுங்க. நான் பின்னாடி நின்னு பாக்குறேன்"னா.

சரி, நிக்கட்டும். நின்னா என்ன குறைஞ்சு போகுதுன்னு விட்டுட்டேன்.

நிக்கிறவ சும்மாவா நின்னா? கேள்வியா கேக்குறா. "அத்தை, இந்த ரெண்டு ஆன்டிவைரஸும் சண்டை போடுதே, ரெண்டையும் எடுத்துட்டா என்ன ஆகும்? நீங்க என்ன நினைக்கிறீங்க?" நான் யோசிச்சேன். எடுத்துரலாம்னு எனக்குத் தோணுச்சு. எடுத்தேன். அந்த மழை சொல்றதையும் எடுத்தேன். "எல்லாத்துக்கும் அடியில இன்னொண்ணு இருக்கு பாருங்க, கம்ப்யூட்டர் வாங்குனப்பவே போட்டுக் குடுத்தது போல, எப்பவோ காலாவதி ஆயிருச்சே, அது எதுக்கு அத்தை இருக்கு?" நல்லாத்தான் கேட்டா. அது எதுக்கு இருக்குன்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. அதையும் எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன்.

போட்டா, மூலையில பச்சையா ஒரு டிக். நான் எதுவும் போடவே இல்லையே, இது எங்கிருந்து வந்துச்சு?

"அது விண்டோஸ் கூடவே வர்றது அத்தை. வேற ஒண்ணு உள்ள வந்தா அது ஒதுங்கிக்கும். அது போனா மறுபடி தன்னால வேலைக்கு வந்துரும்"னா.

அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. நான் ஊரெல்லாம் தேடுறேன், அது வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. காசும் கேக்கல, கூவவும் இல்ல. காலாவதியானது ஒண்ணு வாசல்ல உக்காந்துக்கிட்டு அதை வேலைசெய்ய விடல. எப்படி நான் கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா?

நெட்டை மாட்டி அதைப் புதுப்பிச்சு, முழு ஸ்கேன் போட்டோம். போட்டேன். அது ஓடுது, ஓடுது. அதுக்குள்ள ரெண்டு பேரும் கீரை ஆய்ஞ்சு முடிச்சிட்டோம். அவ்வளவு நாள் ஒரே வீட்ல இருக்கோம், அவ கீரை ஆய்ஞ்சு நான் பாத்ததில்ல. முள்ளங்கிக் கீரைத் தண்டை எடுக்கணுமா வேணாமான்னு கேட்டா. அவங்க அம்மா வீட்ல எடுக்க மாட்டாகளாம். அவங்க அம்மாவுக்கு மூட்டுவலியாம், ஆபரேசன் பண்ணச் சொல்லியிருக்காகளாம். எனக்குத் தெரியவே தெரியாது. சம்பந்தியம்மாவுக்கு முட்டி முடியலன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

ஸ்கேன் முடிஞ்சு, வைரஸ் பிடிபட்டுச்சு. நசுக்கியாச்சு. ஆனா ஃபோல்டரைத் திறந்தா ஒண்ணுமே இல்ல. அம்புக்குறியும் இல்ல, டிசைனும் இல்ல. வெறும் வெள்ளை.

நான் உக்காந்த இடத்துலயே உக்காந்துட்டேன். நான் எதுக்கும் அழுகுற சாதி இல்லம்மா. அன்னைக்குக் கண்ணு ஏதோ உறுத்துச்சு. காலையில இருந்து திரையையே பாத்ததுல.

"அத்தை, போகலை. எல்லாம் உள்ளதான் இருக்கு, வைரஸ் ஒளிச்சு மட்டும் வச்சிருக்கு. நான் ஒரே ஒரு வரி டைப் பண்ணட்டுமா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு நிக்கிறா. நான் சொல்றவரைக்கும் கை வைக்கல.

"பண்ணு"ன்னேன். பிள்ளையாரை நினைச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். கறுப்பா ஒரு பெட்டி திறந்து என்னமோ அடிச்சா. "கண்ணைத் திறங்க அத்தை"ன்னா.

திறந்தா, மயில் வந்துருச்சு. மாங்கா வந்துருச்சு. என் அன்னப்பட்சி வந்துருச்சு. பல்லக்கைத் திறந்தேன், தூக்குற ஆளுக அத்தனை பேரும் அப்படியே நிக்கிறாக. எல்லாரும் ஃபார்மட் ஃபார்மட்டுன்னாங்கல்ல? பிள்ளையார் கைவிடல, நானும் விட்டுக்குடுக்கல.

அப்புறம் அவளே சொன்னா, "அத்தை, பென்டிரைவையும் ஸ்கேன் பண்ணிருவோம்"னு. முதல்ல அவளுதைப் போட்டா. சுத்தம். ஒண்ணுமே இல்ல. அடுத்து என்னுதைப் போட்டா. அதுல வைரஸ். அதே வைரஸ். ஜெராக்ஸ் கடைக்காக ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேன், அதுலதான் குடும்பத்தோட குடியிருந்துச்சு.

அவ சொல்லிக் காட்டல. என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. "எடுத்துட்டேன் அத்தை, இனி பயமில்ல"ன்னு கையில குடுத்துட்டு, கீரையை அலசப் போயிட்டா.

என்னம்மா பாக்குறீங்க? அவளுது சுத்தமாத்தான் இருந்துச்சு. அதனால என்ன? கம்ப்யூட்டர் படிச்சவ, முன்னாடியே துடைச்சு வச்சிருப்பா. நான் அதைப் பத்திக் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. அதோட விட்டாச்சு. ஆனா பாஸ்வேர்டை அவகிட்ட சொன்னேன். அவசரத்துக்கு வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல? "முரளி பேரும் வருசமுமா அத்தை?"ன்னா. எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ.

டீச்சரம்மா மக கல்யாணத்துக்குப் போனோம். பொண்ணு மேடையில திரும்பி நின்னா, முதுகுல என் பல்லக்கு. சங்கவி என் கையைப் பிடிச்சு, "அத்தை, அந்தத் தோளு!"ன்னா. பந்தல்ல உக்காந்தவள்கள்ல ஒருத்திக்கும் அது கண்ணுல படல. இவளுக்குப் பட்டுச்சு. கண்ணு நல்ல கண்ணு அவளுக்கு, அதைச் சொல்லணும்.

அதுக்கப்புறம் எங்க தெருவுல யாரு வீட்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாலும் என்னைத்தான் கூப்பிடுவாக. போவேன். முதல்ல எத்தனை போட்டு வச்சிருக்கீங்கன்னு கேப்பேன். பயமுறுத்திக் காசு கேக்குறதை எடுத்துருவேன். காலாவதியானதை எடுத்துருவேன். கூடவே வந்தது வேலை செய்யுதான்னு பாப்பேன். பென்டிரைவைச் சொருகுன உடனே திறக்காதீங்க, ஸ்கேன் பண்ணிட்டுத் திறங்கன்னு சொல்லிக் குடுப்பேன். இடையில எங்கயாவது முட்டிக்கிச்சுன்னா சங்கவிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுவேன், சும்மா, சரிபாக்குறதுக்கு.

போன சித்திரையில முரளிக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தலாயிருச்சு. ரெண்டு பேரும் கிளம்பிட்டாக. எங்க தெருவுல என்ன பேச்சுங்குறீங்க? "இந்திராணி வாய்க்கு எந்த மருமக தங்குவா"ன்னு. பேசட்டும். எனக்குக் கவலை இல்ல. மாத்தல் ஆர்டர் நானா போட்டேன்? மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க கம்ப்யூட்டரை ஏத்திக்க, காத்தோட்டமா இருக்கும்னாக வீட்டுக்காரர். வேணாம்னுட்டேன். அவ திரும்பி வந்தா எங்க உக்காந்து வேலை பாப்பா? லீவுக்கு வந்தா, அதைச் சொன்னேன்.

முந்தாநாள் போன் பண்ணுனா. "அத்தை, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. என்னென்னவோ வந்து நிக்குது. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை வந்து பாத்தாத்தான் சரியாகும்."

பாத்தீங்களா? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பொண்ணு. கம்பெனி வேலை. யாரைக் கூப்பிடுறா?

அவுககிட்ட பெருமையாச் சொன்னேன். அவுக சிரிக்கிறாக. "ஏன்டி, அவளுக்குச் சரிபண்ணத் தெரியாதா?"ங்குறாக.

"தெரிஞ்சா ஏன் என்னைக் கூப்பிடுறா?"ன்னு கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஏன் கூப்பிடுறா?"ன்னு சொல்லிட்டு, பரண்ல இருந்து இந்தக் கட்டைப்பையை எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாக. ரிட்டயர் ஆனதுல இருந்தே இந்த மனுசன் பேச்சு எனக்குப் பாதி புரியுறதில்ல.

இதென்ன, கோயம்புத்தூர் சிங்காநல்லூர் ஸ்டாண்டு வந்துருச்சா? பேச்சுல தெரியல பாருங்க. உங்க பையை எடுத்துக்கோங்க. அந்தத் தூக்குவாளியை இப்படிக் குடுங்க, கவுந்துரும், கருவேப்பிலைத் தொக்கு. அவளுக்குன்னு இல்ல, சும்மா வீட்ல இருந்துச்சு.

அந்தா நிக்கிறா பாருங்க. நீலச் சுடிதார். இந்த வெயில்ல அங்க ஏன் நிக்கணும்? நிழல்ல நிக்க வேண்டியதுதான? லீவு போட்டு வந்திருப்பா, நான் கேட்டனா லீவு போடச் சொல்லி? இளைச்சிருக்கா. சரியா சாப்பிடுறதில்லபோல.

இறங்குன உடனே சொல்லிருவேன்மா. இது லேசுப்பட்ட வேலை இல்ல, அவசரப்படுத்தக் கூடாது, ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொண்ணா ஸ்கேன் போட்டுப் பாக்கணும், எப்படியும் ஒரு மாசம் ஆகும்னு.